முடிச்சூர்-7 என்ற மெஷின்

எங்கள் கம்பெனி விற்கும் சாஃப்ட்வேருக்கு ஒரே வேலைதான்: மெஷின்கள் எழுதுவதைப் படிப்பது. மெஷின்கள் எழுதும் என்பது பலருக்குத் தெரியாது. ஆன் செய்த நொடியிலிருந்து அவை எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன. இத்தனை மணிக்குத் தொடங்கினேன், இத்தனை மணிக்கு நின்றேன், கதவு சரியாக மூடவில்லை, காற்று போதவில்லை. இந்தக் குறிப்புகளுக்கு லாக் என்று பெயர். யாரும் கேட்டு அவை எழுதுவதில்லை. எழுதியதை யாரும் படிப்பதுமில்லை. ஒரு மெஷின் ஒரு நாளில் எழுதுவதை அச்சடித்தால் கல்யாணப் பந்தியில் மேசைமேல் விரிக்கிற பேப்பர் ரோல் அளவுக்கு வரும். எங்கள் சாஃப்ட்வேர் அதைப் படித்து ஒரு பக்க ரிப்போர்ட்டாகத் தரும்.

ஆபீஸ் செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில். ஜன்னல் ஓரம் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு ஏரி தெரியும். கதவு ஓரம் கஸ்டமர்களிடம் போன் பேசுகிற சப்போர்ட் ஆட்கள். எங்களுக்கு லிஃப்ட் தெரியும். லிஃப்ட் ஓடாது. நான் மூன்று வருடம் லிஃப்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்டிங் யூனிட்டில் ஸ்ப்ரே அடிக்கிறார். அம்மா முடிச்சூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஃப்ளாட்டுகளில் வீட்டுவேலை செய்கிறார். இதை இன்டர்வியூவில் சொன்னபோது கம்பெனி முதலாளியான சார் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். நான் சாய்க்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வைத்த ப்ரோக்ராம் தேர்வில் நான்தான் முதல். ஆனால் காலியாக இருந்தது சப்போர்ட் நாற்காலி. இரண்டாவதாக வந்தவனுக்கு ஏரி கிடைத்தது, ஏனென்றால் அவன் ஒரு வாரம் தாமதமாகச் சேர்ந்தான், அதற்குள் அங்கே ஒரு நாற்காலி காலியாகியிருந்தது.

சாஃப்ட்வேரோடு வந்த ரிப்போர்ட்டுகள் முப்பது. எந்தக் கஸ்டமருக்கும் வேண்டியது அந்த முப்பதில் இருக்காது. நேற்று நின்ற மெஷின்களைக் காட்டுகிற ரிப்போர்ட் இருந்தால், மத்தியான ஷிஃப்டில் நின்றவை மட்டும் வேண்டும் என்பார்கள். அதைச் செய்து கொடுத்தால், மழை நாளில் நின்றவை மட்டும் என்பார்கள். ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து எழுதி மெயிலில் அனுப்புவேன். அது போய்ச் சேரும்போது கேட்டவருக்கு ஏன் கேட்டோம் என்பது மறந்திருக்கும். நன்றி என்று ஒரு வரி வரும். கூடவே அடுத்த ரிப்போர்ட்டும் கேட்டிருப்பார்கள்.

அதனால் நான் சாரிடம் போய் ஒன்று சொன்னேன். ரிப்போர்ட் செய்து கொடுப்பதை விட்டுவிடலாம். சாஃப்ட்வேரிலேயே ஒரு பெட்டி வைக்கலாம். கஸ்டமர் தன் கேள்வியை அதில் எழுதட்டும்: இந்த மெஷின், இந்த நாள், எத்தனை தடவை நின்றது. சாஃப்ட்வேர் லாக்கில் தேடி, பதிலை அட்டவணையாகக் கொடுக்கும். ஒருமுறை எழுதிய கேள்வியைச் சேமித்து வைத்தால் தினமும் காலையில் தானாகவே அச்சாகும்.

சார் இதை ஜன்னல் ஓரத்து சீனியர் ஒருவரிடம் சொன்னார். நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடும் அவர் சிரிக்கக்கூட இல்லை. "கஸ்டமர் கேள்வி எழுதணுமா? அவங்களுக்கு பாஸ்வேர்டே நாமதான் ஞாபகம் வெச்சிருக்கோம்" என்றார். இது உண்மைதான். எல்லாருடைய பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருந்தது.

சார் ஒரு முடிவு சொன்னார். நான் சப்போர்ட் வேலையைக் குறைக்காமல் இதை எழுதலாம். ஒரே ஒரு கஸ்டமரிடம் கொடுத்துப் பார்ப்போம். அவர்கள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெட்டி அடுத்த வெர்ஷனில் எல்லாருக்கும் போகும், நானும் ஜன்னல் பக்கம் போகலாம். சொல்லாவிட்டால் பெட்டியை எடுத்துவிடுவோம், அதைப் பற்றி மறுபடி பேச வேண்டாம். நான் சரி என்றேன். லிஃப்டைப் பார்த்துக்கொண்டே நான்கு மாதத்தில் எழுதி முடித்தேன்.

அதில் எனக்குப் பெருமையான இடங்கள் சில உண்டு. மெஷின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் எங்கே விட்டுப்போயிற்று என்று சொல்லும். உதவிப் பக்கத்தை நானே தமிழில் எழுதினேன். அதில் ஒரு மாதிரிக் கேள்வியும் கொடுத்திருந்தேன். மாதிரிக்கு ஒரு மெஷின் பெயர் வேண்டுமே. மெஷின்-1 என்று போட்டால் நிஜமாகவே அப்படி ஒன்று யாரிடமாவது இருக்கும், குழப்பம் வரும். உலகத்தில் எந்த மெஷினுக்கும் யாரும் வைக்காத பெயராக இருந்தால் பார்த்ததும் மாதிரி என்று புரிந்துவிடும் என்று யோசித்து, எங்கள் ஊரையும் தெரு எண்ணையும் சேர்த்து முடிச்சூர்-7 என்று போட்டேன். நேற்று முடிச்சூர்-7 எத்தனை தடவை நின்றது என்பதுதான் அந்தக் கேள்வி.

சோதனைக்குக் கிடைத்த கஸ்டமர், திருமுடிவாக்கத்தில் கார்களுக்கு இரும்புத் தகடு வெட்டிக் கொடுக்கிற ஒரு ஃபேக்டரி. அப்பா வேலை செய்யும் யூனிட்டுக்கு எதிர் வரிசை. அதை நடத்துவது ஒரு அம்மையார். எல்லாரும் மேடம் என்பார்கள். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதை எல்லாம் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருந்தார். அவர் மேசையில் ஐ.டி. இன்சார்ஜ் என்று எழுதியிருந்தது. கேமரா, வருகைப் பதிவு மெஷின், பிரின்டர்கள், மேடம் வீட்டு வைஃபை எல்லாம் அவர் பொறுப்பு.

நான் போய் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாதிரிக் கேள்வியைத் திரையில் காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. அதை அப்படியே டைப் செய்தால் வருமா என்று கேட்டார். வரும், உங்கள் மெஷின் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து மேடம் வீட்டில் வைஃபை வரவில்லை என்று போன் வந்தது, அதற்கும் தலையாட்டினார். இரண்டில் எதற்கு எந்தத் தலையாட்டல் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஒரு மாதம் அந்த ஃபேக்டரியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. எங்கள் ஆபீஸில் அப்படி நடந்ததே இல்லை. சார் என் பக்கமாக இரண்டு தடவை நடந்து போனார். பிறகு மேடமே அவரைக் கூப்பிட்டுப் பேசினார். ரிப்போர்ட் தினமும் காலையில் தன் மேசைக்கு வருகிறது, மெஷின் ஒரு தடவைகூட நிற்பதில்லை, வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்றாராம். இதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு ஒரு போட்டோவும் எடுத்துவரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். விளம்பரத் தாளில் போடலாம் என்றார். அண்ணா தன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் தகடு வெட்டுகிற பெரிய லேசர் மெஷினைப் போட்டோ எடுக்கலாம் என்று போனேன். அது நின்றிருந்தது. மூடியைத் திறந்து போட்டுவிட்டு, அதை ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு டின்னின்மேல் உட்கார்ந்திருந்தார். எப்போதிருந்து நிற்கிறது என்று கேட்டேன்.

"யக்கா, மெஷினு நிக்கவே இல்லியாம். பேப்பர்ல போட்டுகீது. நாங்கதான் நிக்கிறோமாம்" என்றார்.

அவருக்குப் பின்னால் நோட்டீஸ் போர்டில் எங்கள் ரிப்போர்ட் குத்தியிருந்தது. ஒரு மாதத்து ரிப்போர்ட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே இருந்ததில் மெஷின்: முடிச்சூர்-7 என்றும், நேற்று நின்ற தடவைகள்: 0 என்றும் இருந்தது. பக்கத்தில் இன்னொரு தாள். மெஷின் நிற்காதபோதும் உற்பத்தி குறைவதால் அதை ஓட்டுகிறவர்கள் விளக்கம் தர வேண்டும் என்று மேடம் கையெழுத்துப் போட்டிருந்தார். மெமோ. டின்னின்மேல் உட்கார்ந்திருந்தவர் தனக்கு இரண்டாவது மெமோவும் வந்துவிட்டது, மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று, யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார்.

நான் போட்டோ எடுக்கவில்லை. நேராக இன்சார்ஜ் அறைக்குப் போய் முடிச்சூர்-7 எந்த மெஷின் என்று கேட்டேன்.

"உங்க மெஷின்தானேம்மா. நீங்கதானே குடுத்தீங்க" என்றார்.

"உங்க லேசர் பேரு லாக்ல எல்-2ன்னு இருக்கு சார்."

"அது பழைய பேரு. புது சாஃப்ட்வேர்ல இப்படி வருது போலன்னு நெனச்சேன்."

பெயரை மாற்றி அதே கேள்வியை ஓட்டிக் காட்டினேன். அட்டவணை வந்தது. திரையில் அடங்கவில்லை. கீழே உருட்டிக்கொண்டே போனேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத இப்ப மேடம்கிட்ட காட்டினா, ஒரு மாசமா நீ எதக் காட்டினேன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க சார்."

"அப்புறம் பாத்துக்கலாம்மா. உங்களுக்கு நல்ல பேரு, எனக்கும் நல்ல பேரு. மெஷின் வாயத் தொறந்து சொல்லப் போறதில்ல."

"அது சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கு" என்றேன்.

அவர் எனக்கு டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கோபம் வரவில்லை. எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால் சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. அனுப்புநர் அஅஅ, ஊர் ஆஆஆ என்று எழுத வேண்டும். அப்படியே மனப்பாடம் செய்திருந்தோம். பத்தாம் வகுப்பில் ஒருத்திக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, அவள் தம்பி கொண்டுவந்து கொடுத்த விடுப்புக் கடிதத்தில் இப்படிக்கு அஅஅ என்று இருந்தது. அளவாக மார்ஜின் விட்டு அழகாக எழுதியிருந்தாள். டீச்சர் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்த வருடம் எங்கள் வகுப்பில் அஅஅவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. மாதிரி என்று ஒன்றைக் கொடுத்தால் எழுத்து மாறாமல் எழுதுவதுதான் மரியாதை என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்சார்ஜும் அதைத்தான் செய்திருந்தார். அவரை மட்டும் என்ன சொல்வது.

மறுநாள் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அவங்க கேட்ட கேள்விக்கு நம்ம பதில் கரெக்ட்தானே?"

"கரெக்ட் சார்."

"அப்புறம்?"

"இல்லாத மெஷின் நிக்கலன்னு தினமும் சொல்றோம் சார். அதப் பாத்து இருக்கற ஆளுக்கு மெமோ குடுக்கறாங்க."

சார் ஏரியைப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை, ஆகாயத்தாமரைதான் தெரிந்தது. மேடமிடம் போனில் சொன்னால் சோதனை அன்றோடு முடிந்துவிடும், என் பெட்டியும் அதோடு போய்விடும், எனக்கு அது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நாம் சொல்ல வேண்டாம், சாஃப்ட்வேரே சொல்லட்டும் என்றும் சொன்னேன். லாக்கில் இல்லாத பெயரைக் கேட்டால் பூஜ்யம் என்று வரக் கூடாது. அப்படி ஒரு மெஷின் இல்லை என்று வர வேண்டும். முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அண்ணா தன் நாற்காலியைத் திருப்பினார். தேடியது கிடைக்கவில்லை என்றால் பூஜ்யம்தான், உலகம் முழுக்க அப்படித்தான், இல்லை என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றுதான் என்றார்.

"எங்க வீட்டு நாய் யாரையும் கடிச்சதில்லன்னு சொல்றதும், எங்க வீட்ல நாயே இல்லன்னு சொல்றதும் ஒண்ணா அண்ணா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுலயும் யாருக்கும் கடி இல்லையே" என்றார். ஆனால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அதை எப்படி எழுதினால் வேகம் குறையாது என்று ஒரு வழி சொல்லி அனுப்பினார். நல்ல வழிதான். அதன்படியே எழுதினேன்.

அப்டேட் திங்கட்கிழமை காலையில் போகும் என்று முடிவானது. வெள்ளிக்கிழமையே இன்சார்ஜைக் கூப்பிட்டு, அதற்குள் பெயரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு மாதிரி வரும் என்று சொன்னேன். அப்டேட்டுக்குப் பிறகு பிரின்டர் வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் என்றேன். அது போதும் என்றார்.

திங்கட்கிழமை பிரின்டர் நன்றாக வேலை செய்தது. மேடம் மேசைக்குப் போன தாளில் ஒரே வரி: முடிச்சூர்-7 என்ற பெயரில் இங்கே எந்த மெஷினும் இல்லை.

நான் ஆபீஸுக்குப் போய்ப் பையை வைப்பதற்குள் சாருக்குப் போன் வந்துவிட்டது. அவர் சரி மேடம், சரி மேடம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஃபேக்டரியில் ஒரு மெஷின் திருடு போய்விட்டதாம், சனிக்கிழமை வரை ஓடிக்கொண்டிருந்ததாம், அதைக் கண்டுபிடித்ததே நம் சாஃப்ட்வேர்தானாம், நம்மை உடனே வரச் சொல்கிறார் என்றார். சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. இருவரும் காரில் கிளம்பினோம்.

ஃபேக்டரி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"எம்மாம் பெருசும்மா அந்த மெஷினு? ஞாயித்துக்கெயம ஒரு வண்டிகூட வெளிய போவல, சத்தியமா. கைல தூக்கினு போற மாரி இருக்குமா?"

"அவ்ளோ பெருசு இல்லண்ணா" என்றேன்.

மேடம் அறையில் இன்சார்ஜ் சுவரை ஒட்டி நின்றிருந்தார். மேடம் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தான் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொன்னார். மெஷின் இல்லை. சொத்துப் பட்டியலில் பார்த்தால் அதன் பெயரே இல்லை. அதை வாங்கிய பில்லும் இல்லை.

"மெஷினோட பேப்பரையும் சேத்து எடுத்திருக்காங்க. உள்ளாள் வேலதான். கடைசியா அது எத்தன மணிக்கு ஓடிச்சுன்னு உங்க சாஃப்ட்வேர் சொல்லுமா?"

சார் என்னைப் பார்த்தார். அவர் பேசுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

நான் சொன்னேன். முடிச்சூர் நான் இருக்கும் ஊர், ஏழு என் தெரு. அது நான் மாதிரிக்கு எழுதிய பெயர். அப்படி ஒரு மெஷின் இங்கே எப்போதும் இருந்ததில்லை. இருந்ததில்லை என்பதால் நின்றதுமில்லை. ஒரு மாதமாக வந்த பூஜ்யம் அதுதான். உங்கள் நிஜமான லேசரின் பெயர் எல்-2, அது நின்றுகொண்டுதான் இருக்கிறது.

மேடம் இன்சார்ஜைப் பார்த்தார். இன்சார்ஜ் வைஃபை பெட்டியைப் பார்த்தார். சுவரில் சர்ச் காலண்டர் ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், பெட்டி போயிற்று என்று நினைத்தேன். இனி மழை நாளில் நின்றவை மட்டும், மழை இல்லாத நாளில் நின்றவை மட்டும் என்று மெயில் அனுப்பிக்கொண்டே லிஃப்டைப் பார்க்கலாம்.

"எல்-2 போட்டா என்ன வரும்?" என்றார் மேடம்.

அவருடைய கம்ப்யூட்டரிலேயே டைப் செய்தேன். அட்டவணை வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். எங்கள் சாஃப்ட்வேர் கொடுத்த எதையும் யாரும் கடைசி வரை படித்து நான் பார்த்ததில்லை. படித்து முடித்துவிட்டு, இதில் மத்தியான ஷிஃப்டில் மட்டும் எத்தனை என்று கேட்டார். டைப் செய்தேன். பெரும்பாலும் மத்தியானம்தான். என்ன காரணம் சொல்லி நின்றது என்றார். டைப் செய்தேன். காற்று போதவில்லை என்று வரிசையாக வந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். பேக்கிங் பகுதிக்குப் போகிற அதே கம்ப்ரஸரிலிருந்துதான் லேசருக்கும் வருகிறது. பேக்கிங் வேலை மத்தியானம்தான் தொடங்கும்.

அடுத்ததாக என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே டைப் செய்தார். ஒரு புள்ளி விட்டுவிட்டார். எங்கே விட்டார் என்று சாஃப்ட்வேர் சொன்னது. அதைச் சேர்த்தார். பேக்கிங் விடுமுறை நாட்களில் எல்-2 எத்தனை தடவை நின்றது என்பது அவர் கேள்வி. பதில் வந்தது. பூஜ்யம்.

இந்த முறை அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இது எந்தப் பூஜ்யம் என்று கேட்டார். நிஜமான பூஜ்யம் என்றேன்.

போனில் யாரிடமோ அந்த மெமோக்களை எடுத்துவிடச் சொன்னார். வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு சாரைப் பார்த்தார்.

"மொதல்ல வந்துக்கிட்டிருந்த ரிப்போர்ட் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இது பிடிக்கல. இதான் வேணும்."

சார் இதை விளம்பரத் தாளில் போடலாமா என்று கேட்டார். இரண்டாவது பாதியை மட்டும் போடச் சொன்னார் மேடம். இன்சார்ஜிடம், நாளையிலிருந்து சரியான மெஷின் பேர் வர வேண்டும், தாளில் என்ன பேர் இருக்கிறதோ அது மெஷின் மேலேயும் இருக்க வேண்டும், இனிமேல் இல்லாத ஒன்றைத் தன்னைத் தேட வைக்கக் கூடாது என்றார். இன்சார்ஜ் தலையாட்டினார். அந்த நேரம் யாரும் போன் செய்யவில்லை.

பெட்டி அடுத்த வெர்ஷனில் எல்லாருக்கும் போனது. நான் ஜன்னல் பக்கம் போனேன். ஏரி பரவாயில்லை. லிஃப்டை அந்த வாரம்தான் ரிப்பேர் செய்தார்கள். உதவிப் பக்கத்தில் முடிச்சூர்-7 இன்னும் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று அண்ணா சொன்னார். நான் எடுக்கவில்லை. புதிய கஸ்டமர்கள் பாதிப் பேர் முதல் நாள் அதை அப்படியேதான் எழுதுகிறார்கள். அப்படி ஒரு மெஷின் இல்லை என்று சாஃப்ட்வேர் சொல்கிறது. அதன் பிறகு தங்கள் மெஷின் பெயர் என்ன என்று தேடிப் போகிறார்கள்.

மேடமைப் பார்த்துவிட்டு வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து கையில் மண்ணெண்ணெய் தடவி பெயின்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசை ஃபேக்டரியில் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்களாம். ஒரு பெரிய மெஷின், அதன் மேல் அட்டையில் வெட்டிய எழுத்தை வைத்து ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அடித்து முடித்து அட்டையை எடுத்ததும் அது என்ன என்று தெரிந்துவிட்டதாம்.

"நம்ம ஊரு பஸ்ஸுல போட்டுகீதுல்ல, அதே எயுத்து. பக்கத்துல ஏயு. இன்னாத்துக்கு அந்த மெஷினுக்குப் போயி நம்ம தெருவ வெச்சானுங்கன்னு தெர்ல."

எனக்குத் தெரிந்தது. மறுநாள் ஆபீஸில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். இன்சார்ஜ் கேள்வியில் கை வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியை மாற்றுவது ஆபத்து என்று நினைத்திருக்கிறார். மெஷினின் செட்டிங்ஸுக்குள் போய் எல்-2 என்ற பெயரை முடிச்சூர்-7 என்று மாற்றியிருந்தார். மேடம் சொன்னபடி தாளில் இருந்த பெயர் மெஷின் மேலேயும் வந்துவிட்டது. அன்றைய ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். முடிச்சூர்-7 நேற்று இரண்டு தடவை நின்றிருந்தது. இரண்டும் நிஜம்.

ஆனால் அது மறுநாள்தான். அன்று சாயங்காலம் அப்பாவிடம், அந்தப் பெயர் வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"அவனுங்க மெஷினுக்கு நீ எதுக்கு பேரு வெக்கிற?"

"அதான்ப்பா என் வேலை."

அவர் மண்ணெண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். இது முதலிலேயே தெரிந்திருந்தால் இன்னொரு கோட் அடித்திருப்பேன், ஏழு கொஞ்சம் வழிந்துவிட்டது, சனிக்கிழமை போய்ச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்றார். சனிக்கிழமை போய்ச் செய்துவிட்டும் வந்தார்.